பேருந்து நிறுத்தம் எதிரில்

காலையில் கடை திறந்ததும் பைகளைத் துழாவுவது சோப்பக்காவின் வேலை. சட்டைப் பை, பேன்ட் பை, கோட்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் சின்னப் பை என்று ஒன்று விடாமல் விரலை விட்டுப் பார்ப்பாள். கிடைத்ததைக் காகித உறையில் போட்டு, துணியின் எண்ணை மேலே எழுதி, மேஜை இழுப்பறையில் வைப்பாள். சலவைக்கடை ஆரம்பித்த நாளிலிருந்து இந்த ஒரு வேலையை மட்டும் அவள் யாரிடமும் விட்டதில்லை. மூடி கழன்ற பேனா ஒன்று உள்ளே போய்விட்டால் ஒரு மெஷின் துணி முழுக்க நீலமாகிவிடும் என்பது ஒரு காரணம். அடுத்தவர் பையில் இருப்பதை ஒருத்தி பார்த்தால் போதும், ஊரே பார்க்க வேண்டாம் என்பது இன்னொன்று.

பெரிய ரகசியம் எதுவும் வந்துவிடாது. பாதி தின்ற மிட்டாய், பேருந்துச் சீட்டு, ஒற்றைக் காதணி, வீட்டுக்குத் தெரியாமல் வாங்கிய சிகரெட். ஒருமுறை ஒரு பல் செட் வந்தது. சட்டையை வாங்க வந்தவரிடம் உறையை நீட்டியபோது அவர் முகம் மலர்ந்து, "அட, இங்கயா இருக்கு? நான் என் மச்சானைச் சந்தேகப்பட்டுட்டேன்" என்றார். பல் செட்டை மச்சான் எதற்கு எடுப்பான் என்று சோப்பக்கா கேட்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு மாதிரி.

இந்த ஆறேழு மாதமாகப் பைகளில் பேட்ஜுகள் வரத் தொடங்கியிருந்தன. பழுப்பு பேட்ஜ் என்றால் தெருவுக்குப் பழைய பேரே இருக்கட்டும் என்கிற பக்கம். ஊதா என்றால் புதுப் பேர். அன்று காலை ஒரே ஆளின் துணியில், கோட்டில் ஊதாவும் பேன்ட்டில் பழுப்பும் இருந்தன.

"இந்த ஆளுக்குத்தான் பொழைக்கத் தெரிஞ்சிருக்கு," என்றாள் சோப்பக்கா, இஸ்திரி அறையைப் பார்த்து.

உள்ளேயிருந்து பாப்பா சிரித்தாள். "உறை மாறிக் குடுத்துடாதீங்க அண்ணி. மனுஷன் தெருமுனையில அடி வாங்குவாரு."

பாப்பா என்றால் குழந்தை இல்லை. சோப்பக்காவின் நாத்தனார், வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. ஐம்பதைத் தொடப்போகிறாள். கடைக்குட்டியாகப் பிறந்த பாவத்துக்கு நரைத்த பிறகும் அவள் பாப்பாதான். கணவன் இறந்தபின், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரே பையனைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சோப்பக்கா அழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "இஸ்திரி போடத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றாள் பாப்பா. "எனக்கும் முதல்ல தெரியாது" என்று சொல்லி மேஜையைக் காட்டினாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வெளுத்த துணியைப் போட்டால் அந்தத் தெருவையே மூடிவிடலாம்.

சோப்பக்கா என்ற பேர் எப்படி வந்தது என்பதில் தெருவில் ஒருமித்த கருத்து கிடையாது. மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து பழைய மெஷின் ஒன்றை அவள் வீட்டுக்காரர் வாங்கி வந்து, பேருந்துப் பணிமனையில் கற்ற வித்தையைக் காட்டி ஓடவைத்தார். அந்த நாட்களில் கறையோடு வருகிறவர்களிடம் எல்லாம் அவள், "சோப்பு போட்டா போகாத கறை எது, மனுஷ வாயைத் தவிர?" என்று கேட்பாளாம். அதனால் வந்த பேர் என்பார்கள் சிலர். அவள் நனைந்த கையோடுதான் எப்போதும் கதவைத் திறப்பாள், அதனால் என்பார்கள் வேறு சிலர். பேர் எப்படி வந்தால் என்ன, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறோம் இல்லையா என்பது அவள் கட்சி. அதுவே தெருப் பேருக்கும் பொருந்தும் என்று அவள் நினைத்ததுதான் தப்பு.

பழைய பேர் ஒரு துணி வியாபாரியுடையது. தெருவின் முதல் வரிசை வீடுகளைக் கட்டியவர், தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தவர். அவர் பேர் அப்படியே இருக்கவேண்டும் என்றது ஒரு கூட்டம். புதுப் பேர் ஒரு பெண்ணுடையது. தெருவின் கடைசியில் முன்பு இருந்த நூல் ஆலையில் வேலை செய்த பெண்களுக்காக நின்று, சிறைக்கும் போய்வந்தவர். அந்தத் துணி வியாபாரியின் குடும்பம்தான் ஆலைக்கும் முதலாளி என்பதால், இந்தப் பேரை வைத்தால் அந்தப் பேரை அவமானப்படுத்தியதாகும், அந்தப் பேரே இருந்தால் இந்தப் பேரை அவமானப்படுத்தியதாகும் என்று கணக்கு சிக்கலாகிவிட்டது. நகரசபை, யோசிக்கிறோம் என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டது. தெருமுனைக் கம்பத்தில் பெயர்ப்பலகை இருக்கும், மறுநாள் இருக்காது, அதற்கு மறுநாள் வேறு இருக்கும். கடைசியில் கம்பம் மட்டும் மிஞ்சியது. நாய்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வீட்டில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. பேட்ஜ் குத்தலாம், குத்தாமலும் இருக்கலாம். கடைக்காரன் கதை வேறு. கடை என்றால் போர்டு வேண்டும், போர்டு என்றால் முகவரி வேண்டும்.

சோப்பக்காவின் போர்டு மூலையில் துருப்பிடித்து மழையில் ஒழுகத் தொடங்கியது. இறக்கித் துரு சுரண்டிப் புதிதாக எழுத ஆள் வைத்தாள். போர்டு எழுதுகிறவர் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு, "கடைப் பேரு எழுதியாச்சு. கீழ எதப் போட?" என்றார்.

சோப்பக்கா வாசலில் நின்று தெருவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "பேருந்து நிறுத்தம் எதிரில்னு போடுங்க," என்றாள்.

"தெரு?"

"அதுலதானே நிக்கிறோம். தனியா எதுக்கு?"

பெயின்ட் காய்வதற்குள் பக்கத்து பேக்கரிக்காரர் வந்துவிட்டார். பழைய பேர்க் கூட்டத்துக்கு அவர்தான் செயலாளர். நல்ல மனிதர், அவள் வீட்டுக்காரருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தபோது இரண்டு வாரம் ரொட்டி அனுப்பியவர். அதனால் அவரிடம் கோபப்படுவது சோப்பக்காவுக்குச் சிரமமான காரியம்.

"என்னக்கா, போர்டுல தெருவக் காணோம்?"

"வர்றவங்களுக்கு வழி தெரியணும், அவ்வளவுதானே. நிறுத்தத்துல இறங்கினா கடை."

"நாளைக்கு நிறுத்தத்தையே மாத்திட்டாங்கன்னா?"

"அப்ப நிறுத்தத்துக்கு ஒரு சங்கம் வைங்க. நானும் சேர்றேன்."

அவர் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷமா இருந்த பேர அழிச்சுட்டு விளையாட்டுப் பேச்சு பேசறீங்க. நடுவுல நிக்கிறவங்களத்தான்க்கா வண்டி முதல்ல அடிக்கும்."

"நான் ஓரமாத்தான் நிக்கிறேன். வண்டிதான் ஏறி வருது," என்றாள் சோப்பக்கா. ஆனால் அவர் போய்விட்டிருந்தார். பேக்கரியின் மேஜைவிரிப்புகள் அந்த வாரம் வரவில்லை.

பேக்கரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்ட செய்தி, எதிர்வரிசை உடற்பயிற்சிக்கூடத்துக்காரன் காதுக்கு வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. அவன் புதுப் பேர்க் கூட்டத்தின் தலைவன். கதவில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் நுழையவேண்டும் என்கிற அளவுக்குத் தோள்.

"சோப்பக்கா, கலக்கிட்டீங்க!"

"எதக் கலக்கினேன்?"

"பழைய பேர எடுத்துட்டீங்களே. தைரியம் வேணும்." ஒரு பெரிய மூட்டையை மேஜைமேல் வைத்தான். நாற்பது ஊதாச் சட்டைகள். சனிக்கிழமை ஊர்வலம், முதுகில் புதுப் பேரை அச்சடித்தவை, மைநாற்றம் போகத் துவைத்து, மடிப்புக் கலையாமல் வேண்டும்.

சோப்பக்கா மூட்டையைப் பார்த்தாள். வாங்காமல் இருந்தால் ஒரு பக்கம், வாங்கினால் மறுபக்கம். மத்தளத்துக்காவது இரண்டு முனையில்தான் அடி. தனக்கு நடு முதுகிலும் விழும்போல இருக்கிறதே என்று தோன்றியது. ஆனால் அழுக்கு மூட்டையை வாசலோடு திருப்பி அனுப்பிய பழக்கம் அவளுக்கு இல்லை. பழுப்புச் சட்டை வந்திருந்தாலும் வாங்கியிருப்பாள். துணி என்றால் துணி.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கோ தம்பி. இதுல தைரியம் எல்லாம் ஒண்ணும் இல்ல, சோப்புதான் இருக்கு."

அந்தக் கடையில் ஒரு நடைமுறை உண்டு. அன்றன்று போகவேண்டிய துணி கண்ணாடிக்கு அருகில் இருக்கும் முன்கம்பியில் தொங்கும். நாளைய துணி அடுத்த கம்பியில். அப்படியே வரிசையாகப் பின்னுக்கு. வந்தவர் வாசலில் நின்றபடியே தன் துணியைக் கண்டுபிடித்துவிடலாம், தேட வேண்டாம். இன்னொன்று, அச்சடித்த சட்டையை எழுத்தின்மேல் நேராக இஸ்திரி போட முடியாது. மெல்லிய துணியை மேலே விரித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். தேய்த்தபின் சூடு ஆறுகிறவரை எழுத்து எதன்மேலும் ஒட்டக்கூடாது. அதனால் முதுகு வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி இடைவெளி விட்டுத் தொங்கவிடுவார்கள். நாற்பதையும் பாப்பாதான் தேய்த்தாள். வெள்ளிக்கிழமை காலை அவற்றை முன்கம்பியில் முதுகு காட்டி மாட்டினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற இரண்டு பேருக்கும் அது வெறும் வெள்ளிக்கிழமைத் துணி. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு கடை முழுக்க நாற்பது தடவை புதுப் பேர்.

மதியத்துக்குள் படம் எல்லோருடைய கைப்பேசிக்கும் போய்விட்டது.

முதலில் ரசித்தவர்கள் வந்தார்கள். உடற்பயிற்சிக்கூடத்துக்காரன் ஐந்தாறு பேரோடு பூங்கொத்து கொண்டுவந்தான். சோப்பக்கா கையைத் துடைத்துக்கொண்டே, "இது எதுக்கு?" என்றாள்.

"நீங்க நம்ம ஆளுன்னு காட்டிட்டீங்களே அக்கா."

"நான் எங்க காட்டினேன்? துணி காஞ்சது."

"இப்படித்தான் பேசணும். அடக்கம்!" என்று அவன் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அடக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் யார் ஆளும் இல்ல, தம்பி. பூவ எடுத்துட்டுப் போய் உன் கூடத்துல வை."

அவன் முகம் சுருங்கியது. அவ்வளவு பெரிய தோளுக்கு மேல் அவ்வளவு சின்னப்பிள்ளை முகம். பூங்கொத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனான். போகும்போது ஒருவன், "அந்த அம்மா ரெண்டு பக்கமும் காசு பாக்குது" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. விழவேண்டும் என்றுதான் சொன்னான்.

பிறகு ரசிக்காதவர்கள் தொடங்கினார்கள். கண்ணாடியில் பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சோப்பக்கா அதை பிளேடால் சுரண்டினாள். கண்ணாடியில் எது ஒட்டியிருந்தாலும் அவள் சுரண்டுவாள், பறவை எச்சமாக இருந்தாலும் சரி. அவள் சுரண்டுவதை யாரோ படம் எடுத்தார்கள். அதுவும் ஊர் சுற்றியது. இணையத்தில் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு ஆட்கள் எழுதித் தள்ளினார்கள். கைக்குட்டைகூடத் துவைக்கக் கொடுக்காதவர்கள். அவள் வீட்டுக்காரர், நன்றாக இருக்கும் இடுப்பின்மேல் பாரத்தைப் போட்டு நாற்காலியில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொன்றாகப் படித்தார்.

"'என்னுடைய விலையுயர்ந்த தோல் கோட்டை நாசமாக்கிவிட்டார்கள்.'"

"நாம எப்பங்க தோல் கோட்டு வாங்கினோம்?"

"இரு, இன்னொண்ணு இருக்கு. 'உரிமையாளர் திமிர் பிடித்தவர்.'" அவர் சற்று யோசித்தார். "இவரு வேணா கடைக்கு வந்திருப்பாரு."

"படிச்சது போதும். வண்டிய எடுங்க, நர்சிங் ஹோம் துணி எடுக்க நேரமாச்சு."

"அதான் சொல்ல வந்தேன். இந்த வாரம் வேண்டாமாம்."

கடையின் பாதி மூச்சு அந்த நர்சிங் ஹோம்தான். படுக்கை விரிப்பு, தலையணை உறை, பச்சை அங்கி. சோப்பக்கா கைப்பேசியில் கூப்பிட்டாள். அங்கே மேலாளராக இருந்த பெண் மிக மரியாதையாகப் பேசினாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்களுக்கு ரெண்டு பக்கத்து நோயாளிங்களும் வர்றாங்க. நாங்க நடுநிலையா இருக்கணும், இல்லையா?"

"நானும் அதத்தானே சொல்றேன். ரெண்டு பக்கமும் படுத்துப் பொரண்ட துணியத்தானே நான் துவைக்கிறேன்."

"நிலைமை கொஞ்சம் சரியாகட்டும்மா."

கைப்பேசியை வைத்துவிட்டு சோப்பக்கா வெறும் மெஷின்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் நிற்க இடம் வேண்டுமானால் பெரிய கட்டடமாக இருக்கவேண்டும்போல.

இதெல்லாம் அலுப்புதான். ஆனால் தாங்க முடியாத அலுப்பு இல்லை. வியாபாரம் குறைவதும் ஏறுவதும் அவள் பார்த்ததுதான். கைவைக்கக் கூடாத இடத்தில் அது கை வைத்தது அடுத்த செவ்வாய்க்கிழமை.

பாப்பாவின் மகன் பேக்கரி வண்டியைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். பேக்கரியில் ஓட்டுநர். அம்மாவோடு தெருப் பின்பக்கம் இரண்டு அறை வீட்டில் இருக்கிறான். ஆறடி வளர்ந்துவிட்டான், ஆனாலும் சோப்பக்காவைப் பார்த்தால் செருப்பை வாசலில் கழற்றிவிடுகிற பழக்கம் போகவில்லை. சட்டையில் பழுப்பு பேட்ஜ்.

"அத்தை, அம்மா உள்ள இருக்காங்களா?"

"இருக்கா. என்னடா, வண்டிய நடுவாசல்ல நிறுத்தியிருக்க?"

"அத்தை, உங்ககிட்டத்தான் பேசணும்." பேசணும் என்று சொல்லிவிட்டு பேட்ஜை ஒருமுறை தடவினான். பிறகு ஒரே மூச்சில் கொட்டினான். "அந்தச் சட்டையெல்லாம் தேச்சது உங்கம்மாதானேன்னு எல்லாரும் கேக்கறாங்க அத்தை. சங்கத்துல எனக்கு மூஞ்சி காட்ட முடியல. முதலாளி ஒண்ணும் திட்டல. வண்டிச் சாவிய என்கிட்ட குடுக்காம மேஜைமேல வெச்சுட்டே பேசறாரு. அது எனக்குப் புரியாதா?"

"அவரு பேக்கரிக்கு உங்கம்மா என்ன பண்ணா?"

"போர்டுல பழைய பேர எழுதிடுங்க அத்தை. அவ்வளவுதான். இல்லன்னா அம்மா இங்க வர வேண்டாம். நான் பாத்துக்கறேன் அவங்கள."

"நீ பாத்துக்கறியா? உன் துணிய யாருடா துவைக்கறா?"

அவன் காது சிவந்தது. "கிண்டல் பண்ணாதீங்க அத்தை. எனக்கு மட்டும் ஆசையா?"

இஸ்திரி அறையின் வாசலில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மகன் அவளைப் பார்த்தான், அவள் வண்டியைப் பார்த்தாள். "ரொட்டி காயுது, போ" என்றாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அன்று முழுக்க இரண்டு பேரும் வேலையைப் பற்றி மட்டும் பேசினார்கள். மாலை கடையைச் சாத்துகிற நேரத்தில் பாப்பா, முதுகைக் காட்டிக்கொண்டே, "அண்ணி, ஏதாவது ஒரு முடிவு பண்ணுங்க. எனக்கு முடியல. வீட்டுலயும் இதே பேச்சு, இங்கயும் இதே பேச்சு," என்றாள்.

மறுநாள் அவள் வரவில்லை. தலைவலி என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினாள். காய்ச்சலிலும் வந்து நின்றவள்.

சோப்பக்கா அன்று தானே இஸ்திரி மேஜையில் நின்றாள். காலர் மடங்கவில்லை, மூன்று சட்டையை மறுபடி நனைத்தாள். மேஜை பாப்பாவின் உயரத்துக்கு ஏற்றியது. இவளுக்குத் தோள்பட்டை வலித்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

"சொல்லுங்களேன். உங்க தங்கச்சிதானே."

"சொன்னா நீ கேப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். கொள்கை கிள்கை என்று அவளிடம் எதுவும் இல்லை. துணி வியாபாரியும் செத்துப்போனார், சிறைக்குப் போன அந்த அம்மாவும் செத்துப்போனார். இருக்கிறது பாப்பா. அவள் இல்லாத கடை எந்தத் தெருவில் இருந்தால் என்ன? பையன் பழைய பேர் கேட்கிறான். அவன் அம்மாவும் முடிவு பண்ணு என்றாள். எழுதிவிட்டுப் போவோம். மானம் போகும். அது கடைக்கு வந்து துணி தேய்க்குமா என்ன?

போர்டு எழுதுகிறவர் அன்று மதியமே வந்தார். ஏணியை மாட்டும்போது மிகவும் உற்சாகமாக இருந்தார். "ரெண்டு கூட்டத்துக்கும் நான்தான் எழுதறேன். அழிக்கறதுக்கும் என்னைத்தான் கூப்பிடறாங்க. இந்தத் தெருவுல நிம்மதியா தூங்கறது நான் ஒருத்தன்தான்."

"சின்ன எழுத்தாப் போடுங்க."

"சின்னதா எழுதினாலும் பெருசாத்தான்க்கா படிப்பாங்க."

பேருந்து நிறுத்தம் எதிரில் என்பதற்குக் கீழே பழைய பேர் ஏறியது. பேக்கரிக்காரர் தன் கடை வாசலில் வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து பார்த்தார். முடிந்ததும் ஒரு ரொட்டிப் பொட்டலம் அனுப்பினார். எதிர்வரிசையில் உடற்பயிற்சிக்கூடத்துக்காரன் ஒரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். சாயங்காலத்துக்குள் எதிர்வரிசையிலிருந்து மூன்று பேர் வந்து, துணி தயாராகிவிட்டதா, ஆகாவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே கொடுங்கள் என்று வாங்கிப் போனார்கள். ஒருத்தி நனைந்த திரைச்சீலையை வாளியோடு எடுத்துப் போனாள். வாளியை நாளைக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். சோப்பக்கா எல்லோருக்கும் எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். வழக்கில் தோற்றவள்போல இல்லை, ஜெயித்தவள்போலவும் இல்லை. கால் வலித்தது.

வியாழக்கிழமை காலை பாப்பா வந்தாள். வெளியில் நின்று போர்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள் என்று வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார். உள்ளே வந்தவள் நேராக இஸ்திரி அறைக்குப் போய்ப் பெட்டியைச் சூடு பண்ணினாள். சோப்பக்காவுக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"தலைவலி தேவலையா?"

"ம்."

"உன் பையன்கிட்ட சொல்லிடு. எழுதியாச்சு."

பாப்பா ஒரு சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். "பாத்தான். ராத்திரியே பேட்ஜைத் தொடச்சு வெச்சுக்கிட்டான்." ஒரு கையைத் தேய்த்து, புரட்டி, மறு கையைத் தேய்த்தாள். "யாரக் கேட்டு எழுதினீங்க அண்ணி?"

"யாரக் கேக்கணும்? நீதானே முடிவு பண்ணுன்ன."

"முடிவு பண்ணுங்கன்னுதான் சொன்னேன். இத எழுதுங்கன்னா சொன்னேன்?"

சோப்பக்கா கூடையைக் கீழே வைத்தாள். "உன் பையன் வந்து நின்னு கேட்டான், நீயும் பக்கத்துலதான் நின்ன. வேற என்னன்னு நான் எடுத்துக்கறது?"

"அவன் வண்டிச் சாவிக்காகக் கேட்டான். அது அவன் பாடு." பாப்பாவின் குரல் உயரவில்லை. சட்டையைத் தேய்ப்பதும் நிற்கவில்லை. "நான் ஏழு வருஷம் அந்த ஆலையில நின்னவ, அண்ணி. கல்யாணத்துக்கு முன்னாடி. ஒண்ணுக்குப் போகணும்னா மேஸ்திரிகிட்ட கை தூக்கிட்டு நிப்போம். அந்த அம்மா வந்து சண்டை போட்டதுக்கப்பறம்தான் கதவு வெச்ச கக்கூஸ் கட்டினாங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ். அத நான் யாருகிட்டயும் மேடை போட்டுச் சொல்லல. சொல்ல வேண்டியதும் இல்ல."

சோப்பக்காவுக்கு ஆலை தெரியும். பாப்பாவைப் பெண் பார்க்க வந்தபோது அவள் ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு வந்து நின்றதும் தெரியும். தெரிந்தது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகக் கிடந்திருக்கிறது.

"அப்ப அந்தப் பேரு வேணும்னு சொல்லியிருந்தா..."

"வேணும்னும் சொல்லல. அவன் சோறு போடறான், அவன் கட்சி வேற. நான் வாயத் தெறந்தா வீட்டுல ஒரு சண்ட. கடையில ஒண்ணும் எழுதாம இருந்துச்சு பாருங்க, அது எனக்கு நல்லா இருந்துச்சு. நிறுத்தம் எதிர்லன்னு. வீட்டவிட்டு வந்தா இங்க ஒருத்தரும் கேக்கமாட்டாங்கன்னு." அவள் சட்டையை ஹேங்கரில் மாட்டி, மேல் பொத்தானைப் போட்டாள். "இப்ப யார் கேட்டாலும் என்ன சொல்லுவீங்க? பாப்பாவுக்காக எழுதினேன்னு சொல்லுவீங்க."

"சொல்லமாட்டேன்."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களே."

அது உண்மைதான். நேற்று மதியம் ஏணியின் கீழே நின்று, உங்க தங்கச்சிக்காகத்தான் இந்தக் கூத்து என்று சொன்னாள். போர்டு எழுதுகிறவர் காதிலும் அது விழுந்திருக்கும். அவர் காதில் விழுந்தால் தெருவில் விழுந்த மாதிரி.

சோப்பக்கா மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அதனால் அது நிற்கவும் இல்லை. "நான் என்னதான்டி பண்ணியிருக்கணும்? நீ வரல. ஒரு காலர்கூட எனக்கு மடங்கல. உன்ன விட்டுட்டு நான் இந்தக் கடைய வெச்சு என்ன செய்யறது? இப்ப வேணா அழிச்சுடறேன். அவரையே கூப்பிடறேன்."

"அழிச்சா பையனுக்கு வேலை போகும்."

"வெச்சா?"

பாப்பா அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள். கூடையில் இருந்த எல்லாவற்றையும் தேய்த்து முடித்தாள். நடுவில் சோப்பக்கா ஒருமுறை வெளியே போய் வந்தாள். ஒரு வாடிக்கையாளர் துணியோடு வாசல்வரை வந்து, போர்டில் எழுதியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனார். அவள் மறுபடி உள்ளே வந்தபோது பாப்பா பிளக்கைப் பிடுங்கிக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மணி இன்னும் பதினொன்றுகூட ஆகவில்லை.

"பசிக்குதா? ரொட்டி இருக்கு," என்றாள் சோப்பக்கா. சொன்ன பிறகுதான் அது யார் அனுப்பிய ரொட்டி என்று ஞாபகம் வந்தது.

பாப்பா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தாள். மேஜைமேல் ஒரு நூல்கூட இல்லாமல் கையால் ஒருமுறை வழித்துவிட்டாள்.

"நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை வருது," என்றாள் சோப்பக்கா. "அவங்க இன்னும் வேண்டாம்னு சொல்லல. நூத்துக்கு மேல இருக்கும். பாப்பா, நாளைக்கு வருவியா?"

பாப்பா அறை வாசலில் தொங்கிய ஈரத் திரையை ஒதுக்கிக்கொண்டு, அண்ணியைப் பார்க்காமல், தொங்கும் துணிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வெளியே போனாள்.